நியூயார்க்கில் திங்கள், திருச்சியில் புதன்



"நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" இந்த இரண்டு கேள்விக்கும் கைபேசியில் தட்டினால் இரண்டு நொடியில் விடை வந்துவிடும். அப்புறம் எதற்கு இதற்கு ஒரு கட்டுரை என்று நீங்கள் கேட்கலாம். விடையைப் பார்ப்பது வேறு, விடையைப் புரிந்துகொள்வது வேறு. அந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது வகுப்பறையில் அல்ல, எங்கள் தாத்தாவின் சாவு வீட்டில். அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாடத்துக்கு வருகிறேன்.

நான் செய்த தப்பு

எங்கள் ஊர் லால்குடிக்கு அந்தப் பக்கம். பொங்கல் கழிந்து சில நாளில், ஒரு திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்குத் தாத்தா காலமானார். அவருக்கு ஒரே பெண், என் அத்தை. அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறார். உடனே போன் போட்டோம். அங்கே அப்போது காலை ஒன்பதரை. அழுதுகொண்டே டிக்கெட் தேடி, ஒரு மணி நேரத்தில் அத்தையே திரும்பக் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை ராத்திரி பத்தரைக்கு நியூயார்க்ல ஏறுறேன். காலையில ஆறு இருபதுக்கு சிங்கப்பூர். அங்கேர்ந்து திருச்சிக்கு பதினொண்ணு பத்துக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் அப்பாவை வச்சிருங்கடா" என்றார். டிக்கெட்டையும் படமாக அனுப்பினார்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். வீட்டில் டிப்ளமோ படிக்கிறவன் நான் ஒருத்தன்தானே! "தம்பி, எப்ப வருது உங்க அத்தை? கரெக்டாப் பாத்து சொல்லு" என்றார். நான் படத்தைப் பார்த்தேன். திங்கள் இரவு ஏறுகிறார், காலையில் சிங்கப்பூர், அதே காலையில் திருச்சி. "நாளைக்கு செவ்வாய்க்கிழமை பதினொண்ணு பத்துக்கு இறங்கிடுவாங்க பெரியப்பா. மதியம் ஒரு மணிக்கு வீட்டுல இருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் பேச்சை நம்பி எல்லாம் நடந்தது. செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறோம் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்கள். மேளத்துக்குச் சொல்லியாயிற்று, பாடைக்குச் சொல்லியாயிற்று. ஐஸ் பெட்டிக்கு ஒரு நாள் வாடகை கொடுத்தாயிற்று. நான் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கே காரோடு திருச்சி விமான நிலையத்தில் போய் நின்றேன். சிங்கப்பூர் விமானம் வந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள். அத்தை மட்டும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

வியர்த்துப் போய் டிக்கெட் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்கப்பூர் 6.20 என்பதற்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், "+2" என்று இருந்தது. கிளம்பிய நாளிலிருந்து இரண்டாம் நாள். திங்களோடு இரண்டு கூட்டினால் புதன்! நான் விமான நிலையத்தில் போய் நின்ற அந்த நேரம், அத்தை நியூயார்க்கில் விமானம் ஏறியே ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்குத் தலை குனிந்து திரும்பினேன். வாசலில் முந்நூறு பேர். லீவு போட்டு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "பொம்பளப் புள்ளைக்காக இன்னும் ஒரு நாளா? எடுத்துடலாம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. ஒரு பழைய காலண்டர் தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து, "உக்காந்து கணக்குப் போடு. இந்தத் தடவை தப்பக் கூடாது. நீ சொல்றதை வச்சுத்தான் ஊருக்குப் பதில் சொல்லப் போறேன்" என்றார்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் நான் போட்ட கணக்கும், அதன் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. பாடம் மூன்று: தூரம், பறக்கும் நேரம், கடிகாரம்.

பாடம் ஒன்று: தூரம்

தூரம் கண்டுபிடிக்க முதலில் மூன்று விமான நிலையங்களும் உலக உருண்டையில் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும்.

நியூயார்க் கென்னடி: வடக்கு 40.64 டிகிரி, மேற்கு 73.78 டிகிரி
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.36 டிகிரி, கிழக்கு 103.99 டிகிரி
திருச்சி: வடக்கு 10.77 டிகிரி, கிழக்கு 78.71 டிகிரி

ஒரு டிகிரிக்கு எத்தனை கிலோமீட்டர்? இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1790களில் மீட்டரை உருவாக்கியபோது, துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்றுதான் வைத்தார்கள். அதனால் துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 10,000 கி.மீ. அது 90 டிகிரி. வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று எடுத்துத் திருத்தமாகக் கணக்கிட்டால் 111.2 கி.மீ.

நாம் எல்லோரும் முதலில் என்ன செய்வோம்? அட்லஸை விரித்து, வடக்கு தெற்கு வித்தியாசம் ஒரு பக்கம், கிழக்கு மேற்கு வித்தியாசம் இன்னொரு பக்கம் என்று வைத்து, பிதாகரஸ் தேற்றம் போடுவோம். சிங்கப்பூர் – திருச்சிக்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசங்கள் 9.41, 25.28. கர்ணம் 26.97 டிகிரி. 111.2ஆல் பெருக்கினால் 2,999 கி.மீ. சரியான முறையில் போட்டால் வருவது 2,981 கி.மீ. பதினெட்டு கிலோமீட்டர்தான் பிசகு. பரவாயில்லையே, பாஸ் என்று தோன்றும்.

அதே முறையில் நியூயார்க் – சிங்கப்பூர் போடுங்கள். வடக்கு தெற்கு வித்தியாசம் 39.28. கிழக்கு மேற்கு வித்தியாசம், ஒன்று கிழக்கு ஒன்று மேற்கு என்பதால் கூட்ட வேண்டும், 177.77. கர்ணம் 182.06 டிகிரி. தூரம் 20,245 கி.மீ.

இங்கே நிறுத்துங்கள். இந்த விடை நடக்கவே முடியாதது. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. சொச்சம். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து பூமியில் எந்த இடமும் சுற்றளவில் பாதிக்கு மேல், அதாவது சுமார் 20,000 கி.மீ.க்கு மேல், தள்ளியிருக்க முடியாது. அதையும் தாண்டினால் மறுபக்கமாக வருவது கிட்டே ஆகிவிடும். விடை வந்ததும் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தாலே முறை தப்பு என்று தெரிந்துவிடும். நம் பட்டறையில் சார் சொல்வாரே, வேலையை முடித்ததும் கேஜ் வைத்துப் பார் என்று, அது மாதிரிதான்.

ஏன் தப்பு? நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகை 111 கி.மீ. அகலம். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நியூயார்க் உயரத்தில் ஒரு டிகிரி 84 கி.மீ.தான். துருவத்தில் பூஜ்யம்! அட்லஸ் இவை எல்லாவற்றையும் ஒரே அகலமாக இழுத்து விரித்துக் காட்டுகிறது. திருச்சியும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பொய் அங்கே வெளியே தெரியவில்லை. கிட்டத்தில் பாஸான முறை தூரத்தில் ஃபெயிலாகிறது.

சரியான வழியைக் கண்ணால் பார்க்க ஓர் ஆரஞ்சுப் பழம், இரண்டு குண்டூசி, ஒரு நூல் போதும். பழத்தில் இரண்டு இடத்தில் ஊசியைக் குத்தி, நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் போய் உட்காரும். அந்தப் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

நியூயார்க் – சிங்கப்பூர் விஷயத்தில் இந்தப் பாதை எங்கே போகிறது தெரியுமா? தீர்க்கரேகை வித்தியாசம் 177.77 டிகிரி. சரிபாதி 180க்கு 2.23 டிகிரிதான் குறைவு. அதாவது இரண்டு ஊரும் வட துருவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஏறக்குறைய நேரெதிரே இருக்கின்றன. எனவே குறுக்கு வழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. நேராக வடக்கே ஏறி, துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் தெற்கே இறங்குவதுதான்! கால்குலேட்டரே வேண்டாம்:

நியூயார்க்கிலிருந்து துருவம்: 90 – 40.64 = 49.36 டிகிரி
துருவத்திலிருந்து சிங்கப்பூர்: 90 – 1.36 = 88.64 டிகிரி
மொத்தம்: 138.00 டிகிரி
தூரம்: 138 × 111.2 = 15,346 கி.மீ.

எந்த இரண்டு ஊருக்கும் பொருந்தும் பொதுச் சூத்திரமும் உண்டு. தூரக் கோணத்தை 'தூ' என்றும், இரண்டு அட்சரேகைகளை 'அ1', 'அ2' என்றும், தீர்க்கரேகை வித்தியாசத்தை 'தீ' என்றும் வைத்துக்கொள்வோம்.

காஸ் தூ = (சைன் அ1 × சைன் அ2) + (காஸ் அ1 × காஸ் அ2 × காஸ் தீ)

நம் எண்களைப் போட்டால்:

சைன் 40.64 × சைன் 1.36 = 0.0155
காஸ் 40.64 × காஸ் 1.36 × காஸ் 177.77 = – 0.7580
கூட்டினால் காஸ் தூ = – 0.7425, தூ = 137.95 டிகிரி

தூரம் 15,340 கி.மீ. அட்டவணைகளில் அச்சாகியிருப்பது 15,349 கி.மீ. பூமி சரியான உருண்டை இல்லை, துருவத்தில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. நிலநடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ. அதிகம். அந்த அமுக்கத்தால் வரும் வித்தியாசம்தான் இந்த ஒன்பது கி.மீ. ஒரு எச்சரிக்கை: கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். மைனஸ் குறியை விட்டுவிட்டால் 42 டிகிரி என்று வந்து, சிங்கப்பூர் நியூயார்க்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்!

பாடம் இரண்டு: பறக்கும் நேரம்

தூரம் கிடைத்துவிட்டது. வேகத்தால் வகுத்தால் நேரம். இது ஆறாம் வகுப்புக் கணக்கு. ஆனால் எந்த வேகம்?

பெரிய ஜெட் விமானம் சுமார் 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. அந்த உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு, நொடிக்கு 295 மீட்டர். ஏ350 ரக விமானம் ஒலி வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் போகும். 295 × 0.85 = நொடிக்கு 251 மீட்டர். மணிக்கு 903 கி.மீ. ஆகவே 15,349 ÷ 903 = 17 மணி நேரம்.

ஆனால் அத்தையின் டிக்கெட்டில் 18 மணி 50 நிமிடம் என்று போட்டிருந்தது. மிச்சம் 1 மணி 50 நிமிடம் எங்கே போயிற்று?

முதலாவது, அட்டவணையில் போடும் நேரம் ஓடுபாதையில் எழும்பியதிலிருந்து தொடங்குவதில்லை. நின்ற இடத்தில் சக்கரத்துக்குக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிறுத்தும் வரை. இதற்கு பிளாக் டைம் என்று பெயர். தரையில் ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும் இதில் சேர்த்தி.

இரண்டாவது, ஏறும்போதும் இறங்கும்போதும் 903 கி.மீ. வேகம் கிடையாது.

மூன்றாவது, விமானம் பெருவட்டப் பாதையிலேயே போவதில்லை. ஓர் எஞ்சின் பழுதானால் ஒதுங்க விமான நிலையம் வேண்டும், வானிலை பார்க்க வேண்டும், எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கி – டோக்கியோ விமானத்துக்கு முன்பு ஆன நேரம் சுமார் 9 மணி. ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்ததும் அது சுமார் 13 மணி ஆனது. ஊர்கள் நகரவில்லை, தூரம் மாறவில்லை, நேரம் மட்டும் மாறிவிட்டது.

நான்காவது, காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் போகும். இதனால்தான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் துருவத்தை விட்டுவிட்டு, ஜப்பான் பக்கமாகப் பசிபிக் கடலைக் கடந்து போகிறது. வழி அதிகம், ஆனால் பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது.

"போகும்போது காற்று எதிர்த்தால் வரும்போது தள்ளும், சரிக்குச் சரி ஆகிவிடுமே" என்று நினைக்காதீர்கள். ஆகாது. 9,000 கி.மீ. தூரம், விமான வேகம் 900, காற்று 90 என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி. காற்று இருந்தால் ஒரு பக்கம் 9,000 ÷ 990 = 9.09 மணி; மறுபக்கம் 9,000 ÷ 810 = 11.11 மணி. மொத்தம் 20.20 மணி. பன்னிரண்டு நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்பதால், காற்று எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடுப்பதே இல்லை.

இத்தனையையும் மனதில் வைத்து ஒரு கைக்கணக்கு சொல்கிறேன். தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். நியூயார்க் – சிங்கப்பூர்: 15,349 ÷ 850 = 18.06, அரை மணி கூட்டினால் சுமார் 18 மணி 33 நிமிடம். சிங்கப்பூர் – திருச்சி: 2,981 ÷ 850 = 3.5, அரை மணி கூட்டினால் 4 மணி. அத்தை டிக்கெட்டில் 4 மணி 10 நிமிடம். கால் மணி, அரை மணி முன்னே பின்னே வந்துவிடும்.

நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்காக இன்னொரு தகவல். இவ்வளவு தூரம் நிற்காமல் பறப்பது விளையாட்டல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க் பக்கத்திலுள்ள நூவர்க்குக்கு நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தை நேரடியாக விட்டது. எரிபொருள் செலவு தாங்காமல் 2013இல் நிறுத்தியது. இரண்டே எஞ்சின் உள்ள ஏ350-900 யு.எல்.ஆர். வந்த பிறகு, 2018 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் விட்டது. சாதாரண ஏ350-900இல் 1,41,000 லிட்டர் பிடிக்கும் எரிபொருள், இதில் 1,65,000 லிட்டர். லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் 132 டன். விமானம் எழும்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன். ஏறக்குறைய பாதி எடை எரிபொருளே! இருக்கைகளோ 161தான். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் கணக்கு இது.

பாடம் மூன்று: கடிகாரம்

நான் கோட்டை விட்டது இங்கேதான். கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. இரண்டையும் நேராகக் கழிப்பது, அடியில் அளந்ததிலிருந்து மீட்டரில் அளந்ததைக் கழிப்பது மாதிரி. முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வர வேண்டும்.

பூமி 24 மணியில் 360 டிகிரி சுற்றுவதால் மணிக்கு 15 டிகிரி. நம் இந்திய நேரம் கிழக்கு 82.5 டிகிரிக்கு உரியது, 82.5 ÷ 15 = 5.5. அதனால் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். ஆனால் எல்லா நாட்டுக்கும் இப்படி வகுத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள். சிங்கப்பூர் 104 டிகிரியில் இருப்பதால் 7 மணி முன்னால் இருக்க வேண்டும். ஆனால் 1982 முதல் அது வைத்திருப்பது 8 மணி. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால். கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பதால் 4 மணி பின்னால். 2007 முதல் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு தள்ளி வைத்து, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். கடிகாரம் அரசாங்கம் வைப்பது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, காலண்டர் தாளில் நான் போட்ட கணக்கு. விதி மூன்றே வரி. கிளம்பும் நேரத்தை கிரீன்விச் நேரமாக்கு. பயண நேரத்தைக் கூட்டு. வந்ததைச் சேரும் ஊர் நேரமாக்கு.

நியூயார்க்கில் கிளம்புவது: திங்கள் இரவு 10.30. ஐந்து மணி கூட்டினால் கிரீன்விச்சில் செவ்வாய் அதிகாலை 3.30.
பறக்கும் நேரம் 18.50 கூட்டினால்: செவ்வாய் இரவு 10.20.
சிங்கப்பூருக்கு எட்டு கூட்டினால்: புதன் காலை 6.20.
சிங்கப்பூரில் காத்திருப்பது 3 மணி 10 நிமிடம். அடுத்த விமானம் கிளம்பும்போது கிரீன்விச்சில் புதன் அதிகாலை 1.30.
பறக்கும் நேரம் 4.10 கூட்டினால்: புதன் காலை 5.40.
இந்தியாவுக்கு ஐந்தரை கூட்டினால்: புதன் காலை 11.10.

டிக்கெட்டில் இருந்த ஒவ்வொரு நேரமும் அச்சாக வந்து உட்கார்ந்தது, கிழமையோடு! மொத்தப் பயணம் 26 மணி 10 நிமிடம். தேதிக்கோட்டைத் தாண்டினாரா, எந்தத் திசையில் போனார் என்ற குழப்பமே இந்த முறையில் கிடையாது. கிரீன்விச் நேரத்தில் நாள் ஒன்றுதான், கடிகாரம் ஒன்றுதான்.

திரும்பிப் போகும்போது நேர்மாறாக நடக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அத்தை திரும்பியபோது, சிங்கப்பூரில் நள்ளிரவு 12.10க்கு ஏறி, அதே நாள் அதிகாலை 5.10க்கு நியூயார்க்கில் இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தால் 5 மணி நேரப் பயணம்! வரும்போது அதே கடிகாரக் கணக்கு 31 மணி 50 நிமிடம். இரண்டும் பொய். ஆனால் இரண்டு பொய்யைக் கூட்டினால் உண்மை வருகிறது: 36 மணி 50 நிமிடம். அதில் பாதி 18 மணி 25 நிமிடம். இதுதான் ஒரு வழிப் பயணத்தின் சராசரி நேரம். ஒரு பக்கம் கூடிய நேர வித்தியாசம் மறுபக்கம் கழிந்து விடுகிறது. ஊர்களின் நேர வித்தியாசமே தெரியாவிட்டாலும், போக வர அட்டவணை கையில் இருந்தால் பறக்கும் நேரத்தை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். 31.50இலிருந்து 5ஐக் கழித்துப் பாதியாக்கினால் 13 மணி 25 நிமிடம். காற்றின் விளையாட்டை ஒதுக்கிவிட்டால் 13 மணி, அதுவே இரண்டு ஊருக்கும் குளிர்கால நேர வித்தியாசம்.

தாளில் எழுதாத கணக்கு

அன்று அந்தத் தாளைப் பெரியப்பா வாங்கி வரி வரியாகப் படித்தார். அவருக்கு கிரீன்விச் தெரியாது. ஆனால் சிங்கப்பூர் 6.20, திருச்சி 11.10 இரண்டும் டிக்கெட்டோடு ஒத்துப் போனதைப் பார்த்தார். வாசலுக்குப் போய், "நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்கு எடுக்கிறோம். என் தங்கச்சி வந்துடும்" என்று சொன்னார். ஐஸ் பெட்டிக்காரரிடம் இன்னொரு நாளைக்குச் சொன்னோம். பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். சிலர் மறுநாள் வரவும் இல்லை. தாத்தாவைப் பார்க்காமலே போனவர்களுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தடவை தப்பியவன் இன்னொரு தடவை தப்ப மாட்டான் என்று என்ன நிச்சயம்? இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் வெளிச்சத்தில் திரும்பவும் கணக்குப் போட்டேன். அதே விடைதான் வந்தது.

புதன்கிழமை 11.10 விமானம் 11.05க்கு இறங்கியது. அத்தை வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று பத்து. தன் அப்பாவின் முகத்தை ஐம்பது நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நண்பர்களே, நாம் படிக்கிற கணக்கில் விடை தப்பானால் இரண்டு மார்க் போகும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். நாளைக்கு நாம் வேலைக்குப் போகிற இடத்தில் நம் கணக்கை நம்பி யாரோ ஒருவர் பெல்ட்டை மாட்டுவார், யாரோ ஒருவர் லிஃப்ட்டில் ஏறுவார், யாரோ ஒருவர் காத்திருப்பார். கைபேசி எண்ணைக் கொடுக்கும். அது எந்த ஊர் எண், எந்த நாள் எண் என்று பார்ப்பது நம் வேலை. விடை வந்ததும் எழுந்து ஓடாதீர்கள். ஒரு நிமிடம் கேஜ் வைத்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு இரண்டு கணக்கு

1. சென்னை: வடக்கு 12.98, கிழக்கு 80.16. லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.48, மேற்கு 0.46. தூரமும் பறக்கும் நேரமும் என்ன? அட்லஸ் முறையில் போட்டால் எவ்வளவு பிசகும்?

2. குளிர்காலத்தில் சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி 10 மணி 45 நிமிடம் பறக்கும் விமானம் லண்டனில் எத்தனை மணிக்கு இறங்கும்? குளிர்காலத்தில் லண்டன் நேரமும் கிரீன்விச் நேரமும் ஒன்றே.

விடைகள்: (1) 74.06 டிகிரி, சுமார் 8,235 கி.மீ.; கைக்கணக்கில் சுமார் 10 மணி 11 நிமிடம். அட்லஸ் முறையில் சுமார் 9,935 கி.மீ. வரும், 1,700 கி.மீ. பிசகு. (2) அதே நாள் காலை 10.45. கடிகாரம் 5 மணி 15 நிமிடம்தான் காட்டும். நம்பாதீர்கள்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை